பட்டாசு ஊரில் எந்த அடுப்பு?

திருத்தங்கல் பக்கமோ சாத்தூர் சாலையிலோ புது வீடு கட்டுகிறவர்கள், அடுப்பு மேடைக்குக் கல் பதிக்கும் நாளில்தான் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: கேஸா, கரண்டா? கொத்தனார் ஒன்று சொல்வார், மாமியார் ஒன்று சொல்வார், கடைக்காரர் தன்னிடம் சரக்கு எது தேங்கிக் கிடக்கிறதோ அதைச் சொல்வார். கேள்விப்படுகிற பேச்சில் சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

“வெடிமருந்து புழங்குகிற ஊர். தீ எரியாத கரண்ட் அடுப்புதான் பத்திரம்.”

சிவகாசி வட்டாரத்துக்கே உரிய நம்பிக்கை இது, ஆபத்தானதும் இதுதான். மருந்து பற்றிக்கொள்ளத் தீச்சுடர் வேண்டியதில்லை. உராய்வு போதும்; உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் போதும். மருந்து அறைக்குள் போகுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடச் சொல்வதும், பருத்தி உடுப்பு போடச் சொல்வதும் அதற்காகத்தான். இண்டக்‌ஷன் ஸ்டவ்வின் சுவிட்சிலும் தளர்ந்த பிளக்கிலும் பொறி பறக்கும். அதன் கண்ணாடி, பாத்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு அணைத்த பின்னும் சுடும். எனவே ‘தீ இல்லையே’ என்று திரியோ மருந்தோ இருக்கிற வீட்டில் அதை வைப்பது வீண் தைரியம். உரிமம் இல்லாத வீட்டில் பட்டாசு வேலை செய்வதே குற்றம்; எந்த அடுப்பை மாற்றியும் அதைச் சரிக்கட்ட முடியாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அது ஆலை. குழந்தைகள் தூங்குகிற வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அதற்காகக் கேஸ் சாது என்று அர்த்தமில்லை. பட்டாசு ஆலைக்கு உரிமம் தரும் அதே ‘பெசோ’ அமைப்பின் கண்காணிப்பில்தான் கேஸ் சிலிண்டரும் வருகிறது. இரண்டையும் அரசு ஒரே மேசையில் வைத்துத்தான் பார்க்கிறது.

“சன்னல் இருக்கிறது, சிம்னி இருக்கிறது, கசிந்தாலும் போய்விடும்.”

போகாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படிந்து, தண்ணீர்போல் பரவும். மேலே இருக்கிற சிம்னிக்கு அது எட்டுவதே இல்லை. தரையை ஒட்டிக் காற்றுப்போக்கி வைக்க வேண்டும். அதைவிட நல்லது, சிலிண்டரை வெளிச்சுவரை ஒட்டி, நிமிர்ந்த நிலையில் வைத்துச் செம்புக் குழாய் மூலம் உள்ளே கொண்டுவருவது. வீடு கட்டும்போது சுலபமாக முடிகிற வேலை. குடி வந்த பிறகு சுவரை உடைக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

“கரண்ட் அடுப்பு வைத்தால் ஈபி பில் எகிறிவிடும்.”

சிலருக்கு எகிறும், சிலருக்கு மிச்சம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற சூடு ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல கேஸ் அடுப்பிலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. அதே சமையலை இண்டக்‌ஷனில் முடிக்க 140 யூனிட் போதும். 2024 ஜூலைக் கட்டணப்படி, 400 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டில் யூனிட் ரூ.4.80 வீதம் அது ரூ.672. ஏசி ஓடி 500-ஐத் தாண்டிய வீட்டில் ரூ.8.55 வீதம் ரூ.1,197. 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை ரூ.868.50. ஆக, ஏசி இல்லாத வீட்டுக்குக் கரண்ட் லாபம். இரண்டு ஏசி ஓடுகிற வீட்டுக்குக் கேஸ் லாபம். முதல் 100 யூனிட் இலவசத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை மின்விசிறியும் பிரிட்ஜுமே தின்று தீர்த்துவிடும். கட்டணமும் விலையும் மாறிக்கொண்டே இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது. பழைய பில்கள் மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

“இண்டக்‌ஷனில் தோசை வராது.”

இரும்புத் தோசைக்கல்லில் அருமையாக வரும். காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம் எதுவும் வேலை செய்யும். அலுமினியம், பித்தளை, ஈயச்சொம்பு, மண்சட்டி ஆகாது. குழிந்த வாணலியும் சரிப்படாது. தொடுகிற புள்ளி மட்டும் காயும். விருதுநகர்க்காரர் வீட்டில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரிக்க நினைத்தால் கேஸ்தான். (எல்லாப் பாத்திரத்துக்கும் ஆகும் என்று பக்கத்திலேயே விற்கிற இன்ஃப்ராரெட் ஸ்டவ் வேறு சாதனம், அதில் சூடு அதிகம் வீணாகும்.)

இண்டக்‌ஷனால் கதிர்வீச்சு வரும் என்ற பயம் தேவையற்றது; பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

உண்மையான கவலை சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது. 2000 வாட் ஸ்டவ் 9 ஆம்ப் வரை இழுக்கும். மிக்ஸி பாயின்டில் கன்வெர்ட்டர் பிளக் செருகி ஓட்டினால் முதலில் கருகுவது அந்தப் பிளக்தான். எர்த்தோ, நம் கரிசல் மண்ணில் தனிக் கதை. கோடையில் மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பி மண்ணின் பிடியை இழக்கிறது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றாத வீட்டில் அந்த எர்த்தை நம்ப முடியாது.

பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் நிற்கிற நாளில், சாதாரண இன்வெர்ட்டர் இந்த ஸ்டவ்வைத் தாங்காது. என் தீர்ப்பு: இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, பக்கத்தில் ஒரு இண்டக்‌ஷன். மூன்றாவது பர்னருக்கும் பளபளக்கிற கண்ணாடி மேடைக்கும் வைத்திருக்கிற பணத்தை ஒயரிங்குக்குக் கொடுங்கள். பூச்சு வேலை தொடங்குமுன் எலெக்ட்ரீஷியனிடம் தனி லைனில் 16 ஆம்ப் பாயின்டும், 30 மில்லிஆம்பில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கேட்டு வாங்கிவிடுங்கள்.