வளைவுக்குள் ஒரு பள்ளம்

சோழபுரம்

அன்பு மருமகள் நித்யாவுக்கு,

மாமா எழுதுகிறேன். பத்திரிகையில் சேர்ந்த கையோடு மூன்று சொகுசு செடான்களை ஒப்பிட்டு எழுதும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். மெர்சிடிஸ் இ-கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், லெக்ஸஸ் இ.எஸ். மூன்றுமே நல்ல கார்கள். நீ அனுப்பிய மார்க் பட்டியலையும் பார்த்தேன். பயணச் சொகுசுக்குப் பத்து மார்க், ஹேண்ட்லிங்குக்குப் பத்து மார்க் என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறாய். அந்த இரண்டு கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திய காலம் முழுக்க நான் பிள்ளைகளிடம் வற்புறுத்திய விஷயம் அது. உன்னிடம் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முதலில் இந்தக் காரை யார் வாங்குகிறார்கள் என்று யோசி, தாயி. ராஜபாளையத்தில் மில் வைத்திருப்பவர், மதுரையில் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர், இப்படிப்பட்டவர்கள். ஸ்டீயரிங்கில் டிரைவர், முதலாளி பின்சீட்டில். இது தெரிந்துதான் கம்பெனிகள் இந்தியாவுக்கு நீளக் காரைக் கொண்டுவருகின்றன. 2017-ல் வலதுபக்க ஸ்டீயரிங்கோடு நீள வீல்பேஸ் இ-கிளாஸ் உலகத்திலேயே முதலில் இங்கேதான் விற்பனைக்கு வந்தது. 2024-ல் வந்த அடுத்த தலைமுறையில் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 3,094 மி.மீ.; வெளிநாட்டில் விற்கும் சாதாரண இ-கிளாஸில் 2,961தான். அதே ஆண்டு பி.எம்.டபிள்யூ.வும் 530எல்ஐ என்று 3,105 மி.மீ. வீல்பேஸில் ஒன்றை இறக்கியது. அதை அசெம்பிள் செய்வது நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில். 2007-லிருந்து அந்தத் தொழிற்சாலை ஓடுகிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் சேர்க்கப்படும் லெக்ஸஸ் இ.எஸ். 300ஹெச்-க்கு 2,870. இந்த எண்களை எல்லாப் பத்திரிகையும் கால் நீட்டும் இடத்துக்காகத்தான் போடுகிறது. சவாரிக்கும் அவை முக்கியம் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: பாதி நேரமாவது நீ பின்சீட்டில் உட்கார்ந்து வா. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஆளுக்குப் பள்ளம் வருவது முன்கூட்டியே தெரியும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் கண்ணை மூடி இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்ததோடு நிறுத்திவிடாதே. வண்டிகளை நம் ராஜபாளையம் பக்கம் கொண்டு வா. இங்கே இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு விதமான ரோடு கிடைக்கிறது. கிழக்கே ஆலங்குளம், வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் கரிசல். மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண். அதன்மேல் போட்ட தார் ரோடு பார்வைக்கு மழமழவென்று இருக்கும், ஆனால் அலையலையாக எழும்பி இறங்கும். மேற்கே மலையடிவாரம் வேறு மாதிரி. அங்கே ரோடு அலைபாயாது. ஒட்டுப்போட்ட இடம், பைப் பதிக்கத் தோண்டி மூடிய வெட்டு, பாலத்தின் இணைப்பு, ஊருக்கு ஊர் வேகத்தடை என்று கூர்மையான அடிகளாக வரும். இரண்டும் காரை ஒரே மாதிரி சோதிப்பதில்லை. ஒன்றில் முதலிடம் வாங்கிய கார் மற்றதில் கடைசிக்குப் போகலாம்.

கரிசல் அலையை எடுத்துக்கொள். பதினாறு மீட்டருக்கு ஓர் ஏற்றம் என்று வைத்து, 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் போனால், வினாடிக்கு 1.25 தடவை வண்டி தூக்கப்படும். ஒரு சொகுசு செடான் தன் ஸ்பிரிங்மேல் இயல்பாக ஆடும் கணக்கும் ஏறக்குறைய அதுதான், வினாடிக்கு 1 முதல் 1.5 தடவை. ரோட்டின் ஆட்டமும் காரின் ஆட்டமும் சேர்ந்துகொண்டால் ஒவ்வொரு அலைக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் உயர எழும்பும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர், அதாவது டேம்பர், ஒன்றுதான். அலையைத் தாண்டிய பிறகு கார் ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டாவது தடவையும் தலையாட்டுகிறதா என்று பார். ஷோரூம் வாசலில் பஞ்சுமெத்தை மாதிரி இருந்த வண்டி இங்கே வயிற்றைக் கலக்கலாம். டேம்பரை மாற்றும் பட்டன் இருக்கிற காரில், கரிசல் ரோட்டில் கம்ஃபர்ட்டைவிட ஸ்போர்ட்டில் போட்டால் பின்சீட்டுக்கு நிம்மதியாக இருப்பதும் உண்டு. அதனால் எந்த மோடில் போய் மார்க் போட்டாய் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

இங்கேதான் வீல்பேஸ் வருகிறது. முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறிய பிறகு பின்சக்கரம் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 60 கி.மீ. வேகத்தில் 3.1 மீட்டர் வீல்பேஸுக்கு அது 0.19 வினாடிதான். அந்த இடைவெளியில் மூக்கு எழும்பத் தொடங்கிவிடுகிறது. வால் பிறகு எழும்புகிறது. கார் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடுகிறது. இதைத் தீர்த்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாரிஸ் ஆலி என்ற இங்கிலாந்துக்காரர் ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930-ல் அமெரிக்காவில் காடிலாக்குக்குப் போனார். முன்னும் பின்னும் எடைக்கற்களை நகர்த்தி மாட்டக்கூடிய ஒரு காரைத் தயார் செய்து, எடையை மாற்றி மாற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். சொகுசை அளக்க அப்போது நம்பகமான கருவி இல்லை. காரில் உட்கார்ந்தவரின் உடம்பு சொன்னதுதான் அளவு. கடைசியில் கிடைத்த விடை அந்தக் கால வழக்கத்துக்கு நேர் எதிரானது: முன்பக்க ஸ்பிரிங் பின்பக்கத்தைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போது தாமதமாகத் தொடங்கும் பின்பக்கம் வேகமாக ஆடி முன்பக்கத்தைப் பிடித்துவிடும். கார் மட்டமாகவே ஏறி இறங்கும். 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்த ஆராய்ச்சி இருக்கிறது. இன்றைக்கும் பெரிய செடான்களுக்கு ஸ்பிரிங் கணக்குப் போடுகிறவர்கள் அந்த வழியில்தான் தொடங்குகிறார்கள். கருவி கைக்கு வந்தாலும் ஆலி செய்ததை நீயும் செய்: உடம்பைக் கேள்.

உடம்பைக் கேட்க ஒரு எளிய வழி சொல்கிறேன். பின்சீட்டில் நோட்டை முழங்கால்மேல் வைத்து உன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே வா. உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரைக்குமானதுதான் அதிகமாக உறுத்தும்; வயிறும் தோளும் அதற்கு ஈடுகொடுத்து அதிரும். கரிசல் அலையில் எழுத்து பெரிதாக வளையும், ஆனால் படிக்க முடியும். இந்த நடுத்தர அதிர்வு வரும்போது ‘நித்யா’வின் கொக்கி உடைந்து பல்பல்லாகத் தெரியும். மூன்று காரிலும் ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில் எழுதிய மூன்று பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார். முடிந்தால் அந்தப் பக்கங்களையே படமாகப் போடச் சொல். வாசகருக்கு மார்க்கைவிட அது புரியும்.

அடுத்து கூரான அடி. இதில் பாதி வேலை டயருடையது. 225/55 என்று எழுதியிருந்தால் டயரின் பக்கச்சுவர் 124 மி.மீ. உயரம். 245/40 என்றால் 98தான். அந்த இரண்டரை சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் போனால் எவ்வளவு விலை உயர்ந்த ஏர் சஸ்பென்ஷனும் அதை முழுசாக ஈடுகட்டாது. பெரிய அலாய் வீல் எடையும் கூட. எழும்பி இறங்கும் சக்கரம் கனமானால் டேம்பருக்கு வேலை அதிகம். பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயருக்குப் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். சிறிய வெட்டுகூட உள்ளே கேட்கும். ஆகவே ஒரு காருக்கு 18 அங்குல வீல், இன்னொன்றுக்கு 20 என்று கொடுத்தால், நீ ஒப்பிடுவது காரையா வீலையா என்று ஆசிரியரிடம் கேள். முடிந்தவரை ஒரே அளவுக்குக் கேட்டு வாங்கு. கிடைக்காவிட்டால் அளவை வாசகருக்குச் சொல். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிபார். இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் பட்டால் நீ எழுதும் அத்தனையும் வீண்.

இனி தலைப்புக்கு வருகிறேன். வளைவில் கார் சாயாமல் இருக்க ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு எஃகுக் கம்பி இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிறது. அதை விறைப்பாக்கினால் வளைவில் கார் நிமிர்ந்து நிற்கும். ஓட்டுபவர் ஆகா என்பார். ஆனால் நேர் ரோட்டில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அதே கம்பி மறுபக்கத்தையும் இழுத்துவிடும். பின்சீட்டில் இருப்பவரின் தலை இடமும் வலமும் வெட்டி ஆடும், ஜன்னல் கண்ணாடியில் இடிக்கவும் செய்யும். அதனால் பாடி ரோல் அதிகம் என்று மட்டும் எழுதிக் குறை சொல்லிவிடாதே. மெதுவாக, அளவாகச் சாய்ந்து அங்கேயே நிற்கிற கார் நல்ல கார்தான். ஆனால் வளைவுக்குள்ளேயே ஒரு பள்ளம் இருந்தால்? அங்கே ஸ்பிரிங், டேம்பர், கம்பி, டயர், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே வினாடியில் பரீட்சை எழுதுகின்றன. ஒரு பக்கம் சாய்ந்து அழுத்தத்தில் இருக்கும் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. நல்ல கார் அதை விழுங்கிக்கொண்டு, திருப்பிய திசையிலேயே போகும். மோசமான காரில் வால் ஒரு விரற்கடை தள்ளிப் போகும், டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருத்துவார், பின்னால் இருப்பவர் விழித்துக்கொள்வார். சவாரியும் ஹேண்ட்லிங்கும் இங்கே ஒன்றுதான். ஆகவேதான் உன் இரண்டு கட்டத்துக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று போடச் சொல்கிறேன். என் கணக்கில் அதற்குத்தான் அதிக மார்க்.

அப்படிப்பட்ட வளைவு எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போய் செங்கோட்டை தாண்டு. புளியரையில் எஸ் வளைவு தொடங்கி ஆரியங்காவு வரைக்கும் நீ கேட்டது அத்தனையும் இருக்கும். லாரிகள் ஏறி இறங்கித் தார் அமுங்கிய வளைவுகள் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் ஈரமும் சேரும். வேகம் வேண்டாம். 35, 40 போதும். இந்தக் கார்களின் குணம் அந்த வேகத்திலேயே தெரிந்துவிடும். எஞ்சின் இழுவை பின்சக்கரத்துக்குப் போகும் இ-கிளாஸ் ரகங்களும் 530எல்ஐயும் ஏற்றத்தில் ஸ்டீயரிங்கைச் சுத்தமாக வைத்திருக்க வாய்ப்பு அதிகம். முன்சக்கர இழுவை உள்ள இ.எஸ்.ஸில் திருப்புவதும் இழுப்பதும் ஒரே இரண்டு டயர் தலையில் விழுகிறது. ஏற்றத்தில் எடை பின்னால் போகும்போது அதை எப்படிச் சமாளிக்கிறது என்று கவனி. அதே சமயம் குட்டை வீல்பேஸ் கொண்டை ஊசி வளைவில் அதற்கு உதவும். நீளக் கார்கள் உயர வேகத்தடையில் நடுவயிறு உரசுகிறதா என்பதையும் கீழே குனிந்து பார்த்துவிட வேண்டும்.

மலைப்பாதைக்கு இன்னொரு எச்சரிக்கை. குமட்டல் வருவது குலுக்கலால் இல்லை. ஐந்து வினாடிக்கு ஒரு தடவை வருகிற மாதிரியான மெதுவான ஆட்டம்தான் மனிதரை வாந்தியெடுக்க வைக்கும். மலைப்பாதையில் அந்தத் தாளத்தை உண்டாக்குவது பெரும்பாலும் டிரைவரின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும். அதனால் மூன்று காரையும் ஒரே ஆள் ஓட்டட்டும், அவர் நிதானமானவராக இருக்கட்டும். உன் கூட வரும் போட்டோகிராபர் ஆசைப்படுகிறார் என்று நடுவில் அவர் கையில் கொடுத்துவிடாதே.

எனக்கு எது பிடிக்கும் என்று நீ கேட்பாய். பேட்ஜைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து ரோட்டுக்கு, நீள வீல்பேஸ், பின்சக்கர இழுவை, கிடைப்பதிலேயே சிறிய வீல், தடித்த டயர், இது என் தேர்வு. அழகுக்காகப் பெரிய வீல் போட்ட மேல்வேரியன்ட்டைவிட விலை குறைந்த கீழ்வேரியன்ட் சவாரியில் நன்றாக இருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் எழுது. விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்குக் கசக்கலாம். ஆனால் எழுபது, எண்பது லட்ச ரூபாய் எண்ணிக் கொடுக்கிறவர் உன் எழுத்தை நம்பித்தான் கொடுக்கிறார். அவரோடு அந்தக் காரில் தினமும் வேலையாகப் போகிற டிரைவருக்கும் அந்த எழுத்து சேரும். முடிந்தால், மார்க் போடும் ஓட்டம் முடிந்த பிறகு, இப்படிப்பட்ட டிரைவர்கள் இரண்டு பேரை ஓட்டச் சொல்லிக் கேள். நாள் முழுக்க ஓட்டுகிறவரின் இடுப்புக்குத் தெரிகிற விஷயம் நமக்கு அரை நாளில் தெரியாது.

வண்டிகள் எந்தத் தேதியில் வருகின்றன என்று முன்னாலேயே எழுது. கரிசல் ரோட்டுக்கும் புளியரைக்கும் ஒரே நாளில் போக வேண்டாம்; முதல் நாள் வெம்பக்கோட்டைப் பக்கம், மறுநாள் விடியலில் மலை. லாரிக் கூட்டத்துக்கு முன்னால் எஸ் வளைவைத் தாண்டிவிடலாம். பின்சீட்டில் உட்கார ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், நோட்டும் பேனாவும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
மாமா