மதிலும் வாயிலும்

செல் என்றதும் நாம் அனைவரும் முதலில் வரைவது ஒரு கட்டம். கட்டத்தின் கோடுதான் செல்சுவர். "செல்சுவர் உயிரற்றது, செல்லுக்கு உறுதியும் வடிவமும் தருவது" என்று தேர்வில் ஒரு வரி எழுதிவிட்டு, நியூக்ளியசுக்கும் பசுங்கணிகத்திற்கும் போய்விடுகிறோம். ஆனால் 1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு 'செல்' எனப் பெயரிட்டது இந்தச் சுவர்களைத்தான். அந்தத் தக்கையில் உயிர்ப்பொருள் எப்போதோ மறைந்துவிட்டது. பெயர் வாங்கித் தந்த சுவருக்கே ஒரு வரியோடு விடை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாவரச் செல்லுக்குள் நீர் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தம் பல வளிமண்டல அழுத்தத்தை எட்டும். மோட்டார் காரின் டயரில் நாம் அடைக்கும் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்குதான் என்பதை எண்ணிப் பார்த்தால் சுவரின் வேலை விளங்கும். செல்லுலோஸ் நுண்ணிழைகளும், அவற்றுக்கிடையே பசைபோல் நிற்கும் பெக்டின் முதலிய பொருள்களும் சேர்ந்தே இதைத் தாங்குகின்றன. இங்கே ஒரு கேள்வி. அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளும்போது செல் பந்தாக உருளாமல் நீளவாட்டில் வளர்வது எப்படி? பீப்பாயைச் சுற்றி இரும்புப் பட்டை போடுவது போல, நுண்ணிழைகள் செல்லைக் குறுக்காகச் சுற்றியிருப்பதே காரணம். அகலத்தில் விரிய வழியில்லை, நீளத்தில்தான் வழி. நைட்டெல்லா என்னும் பாசியில் கால்சிசினைச் செலுத்தியபோது இந்த ஒழுங்கு குலைந்து செல் உருண்டு பருப்பதைப் பால் கிரீன் 1962இல் எடுத்துக்காட்டினார். சுவரை நெகிழ்த்துவதற்கென்றே 'எக்ஸ்பான்சின்' என்ற புரதம் உண்டு என்பது 1992இல் வெள்ளரி நாற்றுகளில் கண்டறியப்பட்டது. எங்கே இறுக்குவது, எங்கே நெகிழ்த்துவது என்று உள்ளிருக்கும் உயிர் இடைவிடாது தீர்மானித்துக்கொண்டிருக்க, சுவரை உயிரற்றது என்று ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும்?

இவ்வளவு கட்டுக்காவலான மதிலுக்குள் இருக்கும் செல், பக்கத்துச் செல்லோடு எவ்வாறு உறவாடுகிறது? இதற்கு விடை தந்தது நமக்கு நன்கு அறிமுகமான ஒரு மரம். செர்னோவிட்ஸ் நகரத்துப் பேராசிரியர் எட்வர்டு டாங்கல், 1879இல், எட்டி விதையின் முளைசூழ்தசையைச் சீவிப் பார்த்தார். தடித்த சுவர்களின் குறுக்கே ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்கு மெல்லிய இழைகள் ஓடுவதைக் கண்டார். நஞ்சென்று நாம் விலகி நடக்கும் எட்டிதான் இந்த வாயிலை உலகுக்குத் திறந்து காட்டியது! 1901இல் ஸ்டிராஸ்பர்கர் இவற்றுக்குப் 'பிளாஸ்மோடெஸ்மேட்டா' எனப் பெயரிட்டார். ஒரு வாயிலின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு அளவே. வெங்காயத் தோலில் எவ்வளவு முயன்றாலும் இவை நம் நுண்ணோக்கியில் புலப்படமாட்டா. சுவர் மிகத் தடித்த கருங்காலி இனத்து விதைகளில் மயிரினும் மெல்லிய கோடுகளாகத் தெரியும். செல்லின் மேற்சவ்வே இந்த வாயில் வழியாக அடுத்த செல்லின் சவ்வாகத் தொடர்கிறது. சர்க்கரையும் செய்திகளும் இதன் வழியே செல்கின்றன.

வாயில் இருந்தால் நண்பன் மட்டுமா வருவான்? புகையிலையைத் தாக்கும் மொசைக் வைரசுக்கு மதிலை உடைக்கும் ஆற்றல் இல்லை. இலையில் ஏற்பட்ட ஒரு சிறு காயத்தின் வழியே முதல் செல்லில் நுழைகிறது. பிறகு அதன் பயணம் முழுவதும் வாயில் வழியேதான். அதற்கென்று 30,000 மூலக்கூறு எடையுள்ள ஒரு புரதத்தை அது தயாரித்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தை மட்டும் புகையிலையே உண்டாக்கும்படி செய்து 1989இல் அமெரிக்காவில் ஆய்ந்தார்கள். சாதாரணச் செடியில் 1,000க்கும் குறைந்த எடையுள்ள மூலக்கூறுகளே கடந்த வாயிலை, இச்செடிகளில் 9,000க்கும் மேற்பட்ட எடையுள்ளவையும் கடந்தன. வைரஸ் வாயிற்காவலனையே தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

செடியும் சும்மா இருப்பதில்லை. வாயிலின் கழுத்தைச் சுற்றிக் 'கேலோஸ்' என்ற பொருளைப் படியவைத்து நெரித்து மூடுகிறது. பூசணத்தின் உடலிலுள்ள கைட்டின் பட்டாலும் செடி தன் வாயில்களை அடைக்கிறது. பூசணம் சுவரின் பெக்டினை அரிக்கும்போது உதிரும் துண்டுகளே அபாய அறிவிப்பாகவும் பயன்படுகின்றன. இடிபடும் மதிலே கூக்குரல் இடுகிறது!

இதில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. பூசணங்களின் சுவரைக் கரைக்கச் செடி குளுக்கனேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அதே நொதி கேலோஸையும் கரைக்கும். ஆகவே இந்நொதி குறைவாக உள்ள புகையிலைச் செடிகளில் கேலோஸ் கூடுதலாகச் சேர்ந்து, வைரஸ் மெதுவாகவே பரவியது. ஒரு பகைவனுக்கு எதிராக எடுத்த வாள் மற்றொரு பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அப்படியானால் எல்லா வாயில்களையும் நிரந்தரமாக அடைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கேலோஸ் மிகுதியாக உண்டாகும் அராபிடாப்சிஸ் செடிகளை 2011இல் ஆராய்ந்தபோது அவற்றின் வேர்கள் குறுகிப்போயிருந்தன. செய்தி போகாத வேர் எவ்வாறு வளரும்?

ஆனால் சில நாட்கள் மட்டும் மூடுவதால் வளர்ச்சியே உண்டாவதும் உண்டு. நாம் உடுத்தும் பருத்தியின் ஒவ்வோர் இழையும் விதைத் தோலிலிருந்து நீண்ட ஒரே செல். இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல்! பூத்த பத்தாம் நாள் வாக்கில் இழையின் அடியிலுள்ள வாயில்கள் மூடிக்கொள்வதையும், பதினாறாம் நாள் வாக்கில் மீண்டும் திறப்பதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். மூடியிருக்கும் அந்த நாட்களில் சர்க்கரையும் பொட்டாசியமும் சவ்வின் வழியே உள்ளே இழுக்கப்படுகின்றன. வெளியே கசிய வழியில்லாததால் உள்ளழுத்தம் ஏறி, இழை விரைந்து நீள்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களே பல பருத்தி வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீண்ட இழை தரும் வகையில் வாயில்கள் மூடியிருந்த நாட்களும் அதிகமாக இருந்தன.