செட்டின் முதுகைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

எந்த புளூடூத் ரிசீவர் நல்லது என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் செட்டில் ஆக்ஸ் இருக்கிறதா? பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. காரில் அது ஸ்டீரியோவின் முகத்திலோ, கியருக்குப் பக்கத்திலோ ஒரு சின்ன 3.5 மி.மீ. ஓட்டையாக இருக்கும். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ சாக்கெட்டுகள். இதைப் பார்க்காமல் மாடல் தேடுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயர். கேசட் டெக் எப்போதோ செத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மர ஸ்பீக்கர்களும் இன்னும் ஜோராக இருக்கின்றன. காரும் புளூடூத் வருவதற்கு முந்தையது. நல்லபடியாகப் பாடுகிற செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஸ்பீக்கர் வாங்குவதைவிட, ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ரிசீவர் போட்டுவிடலாம் என்பது என் கட்சி.

பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் என்று எழுதியிருக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். டேப் இன், சிடி, டியூனர் என்று எது இருந்தாலும் சேரும். போனோ என்று எழுதிய இடத்தில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு முள்ளுக்கானது. முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால் அந்தச் சுற்று அதைப் பல மடங்கு பெருக்கி, தாழ்ந்த ஒலியைத் தனியாக வேறு தூக்கிக் கொடுக்கும். ரிசீவரிலிருந்து வருவது ஏறக்குறைய ஒரு வோல்ட். அதைப் போனோவில் விட்டால் பாட்டு கரகரவென்று கிழியும்.

காரில் ஆக்ஸ் இல்லாமல் யூஎஸ்பி மட்டும் இருந்தால் எச்சரிக்கை. பழைய ஸ்டீரியோக்களில் அந்த ஓட்டை பென்டிரைவில் இருக்கும் பாட்டைப் படிக்க மட்டுமே வைத்தது. யூஎஸ்பியில் செருகும் ரிசீவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து கரண்டை மட்டும்தான் எடுத்துக்கொள்கின்றன. பாட்டு தனி ஆக்ஸ் ஒயர் வழியாகத்தான் போக வேண்டும். பெட்டிமேல் இருக்கும் படத்தில் அந்த ஒயர் கண்ணிலேயே படாது.

ஆக்ஸே இல்லாதவர்களுக்குக் கடைக்காரர் சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைக் காட்டுவார். காலியான அலைவரிசை ஒன்றில் அது பாட்டை ஒலிபரப்ப, கார் ரேடியோ பிடித்துக்கொள்ளும். சென்னையில் காலியான இடத்துக்கு எங்கே போவது? 93.5, 98.3, 106.4 என்று வரிசையாக நிலையங்கள். இடுக்கில் ஓர் இடம் பிடித்து வைத்தாலும், ஊர் தாண்டியதும் வேறு நிலையம் மேலே ஏறிவிடும். பேச்சு கேட்கப் போதும், பாட்டுக்கு வேண்டாம். கேசட் போடும் வாய் இருக்கிற பழைய கார்களுக்குக் கேசட் வடிவிலேயே அடாப்டர் கிடைக்கிறது. எஃப்எம்மைவிட அது எவ்வளவோ மேல்.

இனிதான் முக்கியமான தொல்லை: இரைச்சல். காரில் சார்ஜரில் ரிசீவரைச் செருகி, ஆக்ஸ் ஒயரையும் மாட்டியதும் ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும். ரிசீவர் மட்டம் என்று திட்டிவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். அதிலும் அதே சத்தம். ரிசீவருக்கு எர்த் இரண்டு வழியாகக் கிடைக்கிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக ஸ்டீரியோவிலிருந்து இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதற்குள் புகுந்து பாட்டோடு வந்துவிடுகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ரிசீவருக்குப் பவர் பேங்கிலிருந்து கரண்ட் கொடுங்கள். சத்தம் அடங்கினால் ரிசீவர்மேல் பழியில்லை. முதலில் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும். ஆக்ஸ் ஒயருக்கு நடுவே மாட்டலாம். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். எர்த்தை இணைக்காமல் பாட்டை மட்டும் கடத்தும். மட்டமான ஐசோலேட்டர் பேஸைக் கொஞ்சம் தின்னும். காரில் அது பெரிதாகத் தெரியாது. வீட்டில் இந்தத் தொல்லை வந்தால், ஆம்ப்ளிஃபயரின் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்காமல் தனி போன் சார்ஜர் வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். செட்டில் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் ஆப்டிகல் உள்ள ரிசீவராகவே வாங்கலாம். ஒளியில் போவதால் எர்த் வளையம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காருக்குப் பேட்டரி வைத்த ரிசீவர் வேண்டாம் என்பேன். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரியை விட்டு வைப்பது நல்லதல்ல. தினமும் அதன் பொத்தானை அமுக்குகிற வேலை வேறு. சாவி போட்டதும் தானாக உயிர் வந்து, போனைத் தானாகப் பிடித்துக்கொள்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலோ எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. மலிவான ரிசீவர்கள் எண் எதுவும் கேட்காமல் யாரோடும் சேர்ந்துகொள்ளும். அம்மா சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டுப் பையனின் துப்பாக்கி விளையாட்டு எங்கள் கூடத்தில் வெடித்திருக்கிறது. அடுக்குமாடி என்றால் பயன்படுத்தாதபோது ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக் பற்றி நிறைய வாதம் நடக்கும். எஸ்பிசி எல்லாவற்றிலும் உண்டு. வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். சோனியின் எல்டாக் 990 வரை. போன், ரிசீவர் இரண்டிலும் இருந்தால்தான் எதுவும் வேலை செய்யும். ஐபோனில் எல்டாக்கும் இல்லை, ஆப்டெக்ஸும் இல்லை; அதற்கு ஏஏசி உள்ள ரிசீவர் போதும். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம். ஓடுகிற காரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் புளூடூத் 5.3 என்று போட்டிருப்பதற்காக நூறு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன். அந்த எண் ஏறியதால் பாட்டின் தரம் ஏறிவிடாது.

ஒயரை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். ஆக்ஸ் முனை முழுசாக உட்காராமல் எர்த் விட்டுப்போனால் ஒரு வேடிக்கை நடக்கும்: தபேலாவும் வயலினும் கேட்கும், எஸ்.பி.பி.யைக் காணோம். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அழுத்திச் செருகினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார். ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ரிசீவரை மறைத்து வைத்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும். ஒரு முழ ஒயர் போட்டு வெளியே எடுத்து வையுங்கள். போனில் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, கூட்டுவதும் குறைப்பதும் செட்டில் செய்தால் இரைச்சல் குறையும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் வரை ஏற்றிக் கேளுங்கள். பவர் பேங்கில் போட்டும் ‘உஸ்’ என்று இரைந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.