படித்துப் போட்ட கையெழுத்து

பெங்களூரில் அல்சூர். அங்கே ஒரு வீடு. தாய் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். தந்தை தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். மகளுக்கு வயது 17. பி.யு.சி. முடித்தவள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். வேலைக்குப் போகிறவர்களும் அதில் படிக்கலாம்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலை அவளைப் பயிற்சிக்கு எடுத்தது. மகள் ஒரு தாளைக் கொண்டு வந்தாள்.

“எனக்கு இன்னும் 18 ஆகலை. நீதாம்மா கையெழுத்துப் போடணும்.”

தாய் போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றார்.

“இரு. அதிலே என்ன இருக்குன்னு சொல்லு” என்றார்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். தாய் தன் நோட்டில் நான்கு கேள்விகள் எழுதினார்.

1. எத்தனை மாதம் பயிற்சி?
2. தினம் எத்தனை மணி நேரம்?
3. மாதம் எவ்வளவு பணம்?
4. பரீட்சைக்கு லீவு உண்டா?

மூன்றுக்குத் தாளில் பதில் இருந்தது. நான்காவதற்கு இல்லை. மறுநாள் இருவரும் போய்க் கேட்டார்கள். “தேதியை முன்கூட்டியே சொன்னால் லீவு தருகிறோம்” என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. அதன்படி பயிற்சிக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். அதிகாரியின் அனுமதி இல்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே பயிற்சிக்காகப் படிப்பை விடக் கூடாது.

இனி வீட்டு வேலை. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் மகள்தான் செய்து வந்தாள்.

“தண்ணீர் நான் பிடிக்கிறேன்” என்றார் தந்தை. தம்பி பாத்திரம் கழுவ ஒப்புக்கொண்டான். இரவு 8 மணி முதல் 10 மணி வரை அவளுக்குப் படிக்கும் நேரம். அப்போது டி.வி. கிடையாது.

இதே ஊரில் படித்தவர் விசுவேசுவரய்யா. சிறு வயதில் தந்தையை இழந்தவர். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். சென்ட்ரல் கல்லூரியில் படித்து 1881-இல் பி.ஏ. தேறினார். பிறகு பெரிய பொறியாளர் ஆனார். மாமா வீட்டின் ஆதரவு அவருக்கு இருந்தது.

தாய் தாளை எடுத்தார். கைநாட்டு வைக்கவில்லை. பெயரை முழுதாக எழுதினார்.

பேசுவோம்:
தாய் ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை?
உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையின் எந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்?