இடிமழையும் விமானத் தரையிறக்கமும்

(புவியியல் – காலநிலை அலகுக்கான துணைப்பாடம்)

மாணவர்களே, மேற்காவுகை மழை பற்றிய வினாவுக்குப் பெரும்பாலானோர் "பிற்பகலில் இடி மின்னலுடன் பெய்யும்" என்று ஒரு வரியில் விடையை முடித்துவிடுகின்றனர். அந்த மழைக்குள் காற்று எவ்வாறு அசைகிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு விமானத் தரையிறக்கம் நல்ல உதாரணமாகும்.

1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஹஜ் கடமையை முடித்துத் திரும்பிய இந்தோனேசிய யாத்திரிகர்களுடன் ஜித்தாவிலிருந்து வந்த ஐஸ்லாந்து விமானமொன்று இடிமழைக்குள் கட்டுநாயக்காவில் இறங்க முயன்றது. ஓடுபாதையை அடையும் முன்னரே அது தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர். விமானிகள் உயரத்தைச் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை விசாரணை. வழிகாட்டும் கருவியின் கோளாறும் காற்றின் திடீர் மாற்றமும் காரணமென்றது ஐஸ்லாந்துத் தரப்பு. நவம்பர் மாதம் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலத்தில் அடங்குவதைக் கவனிக்க.

காற்றின் திடீர் மாற்றம் என்றால் என்ன? திரண்மழை முகிலிலிருந்து மழையோடு குளிர்ந்த, பாரமான காற்றும் கீழே இறங்கும். ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்துத் தரையில் ஊற்றினால் நாலாபக்கமும் சிதறுமல்லவா? அக்காற்றும் நிலத்தில் மோதி அவ்வாறே பரவும். இதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைக்கும். விமானம் மேலெழும், விமானி இயந்திர விசையைக் குறைப்பார். நடுப்பகுதியில் காற்று கீழ்நோக்கி அமுக்கும். மறுபக்கத்தில் பின்காற்று வீசும்.

"பின்காற்று தள்ளினால் வேகம் கூடாதா, சேர்?" என்ற கேள்வி வகுப்பில் தவறாமல் வரும். கூடாது. விமானத்தைத் தாங்குவது நிலத்தைப் பொறுத்த வேகமன்று, சிறகின்மீது செல்லும் காற்றின் வேகமே. மணிக்கு 140 கிலோமீற்றர் காற்றுவேகத்தில் இறங்கும் சிறிய விமானமொன்றைக் கற்பனை செய்யுங்கள். எதிர்காற்று 40, எனவே நில வேகம் 100. சடுதியாக 20 கிலோமீற்றர் பின்காற்று வீசினால், அக்கணத்தில் சிறகுக்குக் கிடைப்பது 80 மட்டுமே. அவ்விமானம் மிதக்கக் குறைந்தது 110 தேவையெனின், அது விழத் தொடங்கும். 250இல் இறங்கும் பெரிய விமானத்துக்கு இதே 60இன் இழப்பு நாலில் ஒரு பங்குதான். ஆனால் அது பாரமானது, மீண்டும் வேகமெடுக்கத் தாமதமாகும். ஆகவே அதற்கும் பாதுகாப்பு என்று எண்ணவேண்டாம்.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறிய நீர்விமானங்கள் இறங்கியதை அட்டன், நோர்வூட் பகுதி மாணவர் சிலர் கண்டிருக்கலாம். நீரின்மேல் ஓடுபாதை விளக்குகள் இல்லை. கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். கொழுந்து மலையில் நிற்கும் நமக்கு மூடுபனியாகத் தெரிவது விமானிக்கு எதிரே இருக்கும் மலையை மறைக்கும் முகிலாகும். மலைமுகட்டைத் தாண்டும் காற்று மறுபுறச் சரிவில் கீழிறங்கி விமானத்தையும் இழுக்கும்.

மலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் நேர்வதை 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு காட்டியது. சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் விமானம் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். இங்கு காரணம் புயலன்று. தாம் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்த விமானிகள், கட்டுநாயக்காவை நெருங்கிவிட்டதாக நினைத்துத் தாழ இறங்கினர். மோதிய உயரம் ஏறத்தாழ 4,300 அடி. சாதாரண உயரமானி கடல் மட்டத்திலிருந்தான உயரத்தையே காட்டும். கட்டுநாயக்காவுக்கு மேல் 4,300 அடி என்றால் கீழே வெறும் வெளி. நோட்டனில் அதே அளவில் மலை நிற்கிறது.

பயிற்சி: (1) இடிமழையின்போது காற்றின் திசை சடுதியாக மாறுவதேன்? படம் வரைந்து விளக்குக. (2) மேலே கூறிய சிறிய விமானத்துக்கு எதிர்காற்று 30, பின்னர் பின்காற்று 10 எனின், சிறகின்மீதான காற்றின் வேகம் யாது? (விடை: 100) (3) மலைநாட்டில் சிறிய விமானமொன்று தரையிறங்குவதைப் பாதிக்கும் பௌதிகக் காரணிகள் மூன்றைத் தருக. "மழை" என்று மட்டும் எழுதாமல், காற்று, முகில், தரைத்தோற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனியே விளக்குக.