அரிசியளவுச் சுரப்பிகள்

ஆயர் ஈத்தாமில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு மூன்று முறை சிறுநீரகக் கல் வந்தது. ஒவ்வொரு முறையும் “தண்ணீர் போதவில்லை” என்றே சொன்னார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் குடித்தே அவருக்கு வெறுத்துப் போனது. நான்காம் முறை ஓர் இளம் மருத்துவர் இரத்தத்தில் கால்சியத்தை அளக்கச் சொன்னார். கோளாறு கழுத்தில் இருந்தது!

தைராய்டு சுரப்பியை நாம் அறிவோம். அதன் பின்புறம், பெரும்பாலோருக்கு நான்கு, அரிசியளவில் இணைதைராய்டுச் சுரப்பிகள் உள்ளன. (உயிரியலை மலாயில் படித்த எனக்கு இச்சொல்லைத் தேடவே ஒரு நாள் பிடித்தது.) இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை சுரக்கும் ஹார்மோன், எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும். அளவு சரியானதும் சுரப்பு அடங்கும். ஒன்றில் சிறு கட்டி தோன்றிவிட்டால் அடங்காது. எலும்பு கரையும், சிறுநீரகத்தில் கல் சேரும். இக்கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது.

இலண்டன் விலங்குக்காட்சிசாலையில் 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்தபோது ரிச்சர்டு ஓவன் இச்சுரப்பியைக் கண்டார். மனித உடலில் கண்டு 1880இல் எழுதியவர் சுவீடனின் ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம். முதலில் ஒரு நாயிடம் கண்டபோது அவரும் நம்மைப்போல் மாணவர்தான், நண்பர்களே. அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெலின் கதை வேதனையானது. எலும்பு கரைந்து அவர் உயரம் ஏழு அங்குலம் குறைந்தது. கழுத்தில் தேடித் தேடி, 1932இல் ஏழாவது அறுவையில்தான் கட்டி நெஞ்சுக்குள் கிடைத்தது. சில வாரங்களில் இறந்துபோனார்.

1970களில் தானியங்கிக் கருவிகளால் இரத்தப் பரிசோதனை பெருகியதும், அமெரிக்காவில் அறிகுறியே இல்லாதவர்களிடமும் இந்நோய் தெரிந்தது. இந்தியாவிலோ, எலும்பு முறிந்தும் கல்லடைத்தும் வந்த பிறகே பலரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. வைட்டமின் டி குறைவும் நோயைக் கடுமையாக்கியது உண்மைதான். ஆனாலும் முன்கூட்டியே கால்சியத்தை யாரும் அளக்காததே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

சிலருக்கு இது பரம்பரையாக வரும். 1997இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு பழுதானால் இச்சுரப்பி, கணையம், பிட்யூட்டரி ஆகியவற்றில் கட்டிகள் தோன்றலாம். பிள்ளைக்குக் கடக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

பெரியம்மாவுக்கு ஒரு சுரப்பியை மட்டும் அகற்றினார்கள். அதன்பின் கல் வரவில்லை. போன ஆண்டு அம்மாவுக்கும் ஒரு கல் வந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரும் சனிக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு அவரை நான் அழைத்துச் செல்கிறேன்.