நாலாவது ஆள்: தூர மருத்துவமும் நம் தோட்டத்து மக்களும்



இந்த மாதப் பாடத்தில் கைப்பேசி வழியாக மருத்துவம் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் பேசுவோம். "இதுல என்ன இருக்கு? வீடியோ கால் போட்டு டாக்டர்கிட்ட பேசுறதுதானே!" என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ரெங்கம் மாதிரி ஊரில் இருந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு சுருக்கமாக இல்லை.

ரெங்கம் சின்ன ஊர். ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுற்றிலும் செம்பனை. காய்ச்சல், இருமல் என்றால் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் குளுவாங்கில் உள்ள என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. அதற்கும் மேலே போனால் ஜொகூர் பாரு. கார் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. ஆனால் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மருமகள் தொழிற்சாலையில் ஷிப்டு, வீட்டில் பாட்டி மட்டும் தனியாக என்றால் அது தூரம்தான். பாட்டியைக் கூட்டிப்போக யாராவது ஒருவர் ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். அதனாலேயே பாட்டி "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிடுவார்.

முன்பு தோட்டங்களில் டிரஸ்ஸர் என்று ஒருவர் இருந்தார். இளைய வாசகர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாமல் இருக்கலாம். தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர், புண்ணுக்குக் கட்டுப்போடுபவர், நடுராத்திரியில் லயத்துக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் வந்தது. டாக்டர் எப்போதாவது வருவார். டிரஸ்ஸர் எப்போதும் இருப்பார். யாருக்கு இனிப்பு நீர், யாருக்கு இரத்தக் கொதிப்பு, யார் மாத்திரையைச் சாப்பிடாமல் ஒளித்து வைக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஊர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்தபோது வேலையும் வீடும் போனதைப் பற்றி நிறையப் பேசினோம். இந்த ஆளும் கூடவே போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நாலாவது ஆளை நினைவில் வையுங்கள். தூர மருத்துவத்தின் கதை முழுக்க அவரைச் சுற்றித்தான் நடக்கிறது.

தூரத்தில் இருந்து நோயைப் பார்க்கும் யோசனை நேற்று வந்ததல்ல. இதயத்துடிப்பைக் கோடாக வரையும் கருவியைத் தந்த ஐந்தோவன், 1905-லேயே நெதர்லாந்தின் லெய்டன் நகரில், மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். இந்தியாவில் ஆந்திராவின் அரகொண்டா கிராமத்துக்கும் சென்னைக்கும் இடையே அப்போலோ மருத்துவமனை அமைத்த இணைப்பை 2000 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடக்கி வைத்தார். நம் நாடும் பின்தங்கி இருக்கவில்லை. 1996-இல் வந்த பல்லூடகப் பெருவழித் திட்டத்தில் தொலைமருத்துவமும் ஒரு முதன்மைப் பிரிவு. 1997-இல் தொலைமருத்துவச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும் என்று அதில் அப்போதே எழுதி வைத்தார்கள். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. காகிதத்தில் முந்திக்கொள்வது நமக்குப் பழக்கம்தானே!

நான் மிகவும் மதிப்பது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வழியை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கியது அது. கிராமத்து மக்கள் கண் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார்களா, சரி, நாம் போவோம் என்று சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். தேனி வட்டாரத்தில் மலையும் வயலும் தாண்டி இணையம் போக வேண்டியிருந்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே வைஃபையைக் கோபுரத்து ஆண்டெனாவில் ஏற்றி, பல கிலோமீட்டர் எட்டும்படி மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மையத்தை நடத்துவது ஆண்டெனா அல்ல. பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் இருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த இளம்பெண்கள். கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து, விவரம் எழுதி அனுப்புவது அவர்கள்தான். டாக்டர் திரையில் வந்து நோயாளியோடு பேசிவிட்டு முடிவு சொல்வார். பெரும்பாலோருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ அங்கேயே கிடைத்துவிடும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். வள்ளுவர் சொன்ன நாலாவது ஆளை அரவிந்த் சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்கிறது. வெற்றியின் ரகசியம் அதுதான் என்பது என் கருத்து.

கண்ணைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2019-இல் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் கண்ணின் விழித்திரையை அரிக்கும்போது வலிக்காது. பார்வையும் முதலில் நன்றாகவே இருக்கும். என் அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குப் பார்வை இருந்தது. வழக்கமான சோதனைக்குப் போன இடத்தில் கண்ணின் உட்பக்கத்தைப் படம் பிடித்தார்கள். படத்தில் இரத்தக் கசிவு. படத்தைப் பார்த்துவிட்டு உடனே நிபுணரிடம் அனுப்பினார்கள். லேசர் சிகிச்சையில் பார்வை தப்பியது. அந்தப் படம் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை கண் படம் எடுத்தாரா என்று இன்றைக்கே கேளுங்கள்.

இப்போது அந்தப் படங்களைக் கணினியே படித்துச் சொல்கிறது. 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 1 லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியிருந்தார்கள். அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் அதில் உண்டு. பிறகு அதைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்குக் கொண்டு போனார்கள். ஆய்வுக்கூடத்தில் அசத்திய கணினி அங்கே திணறியது. அறை போதுமான அளவு இருட்டாக இல்லை, படம் மங்கல், இணையம் மெதுவு. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைக் கணினி "தெளிவில்லை" என்று தள்ளிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வந்த நோயாளியை, இன்னொரு நாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டி வந்தது. ரெங்கத்துப் பாட்டியின் கதைதான் அங்கேயும்!

கோவிட் காலத்தில் இந்தப் பாடம் நம் வீட்டுக்குள்ளேயே வந்தது. 2021-இல் லேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லி, மைசெஜாத்ராவில் தினமும் உடல்நிலையைப் பதியச் சொன்னார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கடைகளில் பறந்தது. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்த முறை அது. விரல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. ஒளி தோலைத் தாண்டித்தானே போக வேண்டும்? 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், கறுப்பின நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது சுமார் 4 பேர். நம்மை வைத்துச் செய்த ஆய்வல்ல அது. ஆனால் நம்மில் பலருடைய நிறம் என்ன என்பது நமக்குத் தெரியும். அதனால் ஒரு எண்ணை மட்டும் நம்பி உட்காராதீர்கள். நேற்று 98, இன்று 95, சாயங்காலம் 93 என்று இறங்குகிறதா பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். அதைத் திரையில் இருக்கும் டாக்டரைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

அடுத்து மொழி. எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இதுதான். திரையில் வரும் டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். பாட்டி தமிழில் சொல்வார். நடுவில் பேரன். "மயக்கமா வருதுப்பா" என்பார் பாட்டி. அது தலைச்சுற்றலா, நினைவு தப்பி விழுவதா? மலாயில் 'பெனிங்' வேறு, 'பெங்சான்' வேறு. பேரன் எதைச் சொல்கிறானோ அதற்குத்தான் வைத்தியம். "மூச்சுப் பிடிச்சிருக்கு" என்றால் நம் பேச்சில் பெரும்பாலும் முதுகிலோ விலாவிலோ தசை பிடித்துக்கொண்டது. அதை "மூச்சு விட முடியவில்லை" என்று மாற்றிச் சொன்னால் டாக்டர் பதறிப் போவார். இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. "ஒண்ணும் இல்ல, வாயு" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வதை 'அங்கின்' என்று மொழிபெயர்த்துவிட்டால், மாரடைப்பு காற்றாகிப் போகும். ஆகவே மொழிபெயர்க்கும் முன் திருப்பிக் கேளுங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, நடந்தால் கூடுகிறதா, வேர்க்கிறதா? சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் முன்கூட்டியே மேசையில் பரப்பி வையுங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. அதை மறைப்பதுதான் நம் வீட்டு வழக்கம். வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள். முடிந்ததும் பாட்டியிடம் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

சில சமயம் நீங்கள் எழுந்து வெளியே போகவும் வேண்டியிருக்கும். பேரன் முன்னால் பாட்டி சொல்லக் கூசும் நோய்கள் உண்டு. அப்போது ஒரு பெண்ணை, அத்தையையோ அக்காவையோ உட்கார வையுங்கள். கேட்டதைப் புலனத்தில் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

நெஞ்சை அடைக்கிறது, வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் எந்தச் செயலியையும் திறக்க வேண்டாம். நேரே 999. இரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான். எப்போது தொடங்கியது என்று முதலில் கேட்பார்கள், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடம்பு நோவைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களில் ஐந்தை எழுதுங்கள்: கிறுகிறுப்பு, குத்தல், குடைச்சல், கடுப்பு, அசதி, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் அவர்களிடமே பொருள் கேட்டு, பக்கத்தில் மலாய்ச் சொல்லையும் எழுதுங்கள். எல்லாருடையதையும் சேர்த்து ஒரு தாளாக அச்சடித்து, நம் பகுதிக் கிளினிக்கில் கொடுக்க அனுமதி கேட்போம்.